2018 பாஸ்டன் மாரத்தான்: மழையில் நனைந்த ஒரு முடிவுப் பட்டியல்

2018 ஏப்ரல் 16 அன்று நடந்த பாஸ்டன் மாரத்தானின் முடிவுப் பட்டியலை, அன்றைய வானிலை பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் கொடுத்தால் எங்கோ தட்டச்சுப் பிழை நடந்திருக்கிறது என்றுதான் நினைப்பார். ஆண்களில் முதல் இடம் 2:15:58. பெண்களில் முதல் இடம் 2:39:54. ஆண்கள் பிரிவில் இதைவிட மெதுவாக ஓடி ஒருவர் ஜெயித்தது 1976இல். பெண்கள் பிரிவில் 1978இல். நடுவில் நாற்பது வருடங்கள். பயிற்சி முறை, உணவு, காலணி என்று எல்லாமே மாறிய காலம் அது. உலகின் முன்னணி ஓட்டக்காரர்கள் வரிசையில் நிற்க, முதல் பரிசு 1,50,000 டாலராக இருந்த பந்தயத்தில் இந்த நேரங்கள்.

பெயர்களைப் பார்த்தால் இன்னும் வியப்பு. ஆண்களில் ஜெயித்த யூகி கவாவுச்சி, அப்போது ஜப்பானின் சைதாமா மாகாணத்தில் முழுநேர அரசு ஊழியர். பெண்களில் இரண்டாவதாக வந்த சாரா செல்லர்ஸ், அப்போது அரிசோனாவில் மயக்க மருந்துப் பிரிவில் வேலை பார்த்த செவிலியர். பதிவுக் கட்டணத்தைத் தன் காசில் கட்டி ஓடியவர். அது அவருக்கு இரண்டாவது மாரத்தான். கையில் 75,000 டாலர் பரிசோடு வீடு திரும்பினார்.

"அன்று மழை, அதனால் எல்லாம் தலைகீழாகிவிட்டது" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்த எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், அதில் குழப்பத்தைவிட ஒழுங்குதான் அதிகம் தெரிகிறது. யார் எவ்வளவு வேகமானவர் என்ற கேள்விக்கு அந்தப் பட்டியல் பதில் சொல்லவில்லை. தன்னிடம் இருந்ததில் யார் குறைவாக இழந்தார் என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறது. அப்படி வாசித்தால்தான் அது புரிகிறது என்பது என் கருத்து.

காற்று ஏன் இங்கே இவ்வளவு முக்கியம்

பாஸ்டன் ஓட்டப்பாதை சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே முடிகிற பாதை இல்லை. மேற்கே ஹாப்கின்டன் என்ற சிற்றூரில் தொடங்கி, ஏறக்குறைய ஒரே திசையில் கிழக்கு நோக்கிப் போய், பாஸ்டன் நகரத்தின் பாய்ல்ஸ்டன் தெருவில் முடிகிறது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே சுமார் 140 மீட்டர் இறக்கம். சுற்றுப்பாதையில் எதிர்காற்று அடித்தால், திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளிக் கொஞ்சம் கடனைத் திருப்பித் தரும். பாஸ்டனில் அந்தப் பேச்சே இல்லை. மேற்கிலிருந்து அடித்தால் 42 கிலோமீட்டரும் பின்காற்று. கிழக்கிலிருந்து அடித்தால் 42 கிலோமீட்டரும் முகத்தில்.

இதனால்தான் பாஸ்டனில் எவ்வளவு வேகமாக ஓடினாலும் உலக சாதனையாகப் பதிவாகாது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நேர்கோட்டில் உள்ள தூரம் பந்தய தூரத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது, இறக்கம் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச விதி. மாரத்தானுக்கு அது 42 மீட்டர். பாஸ்டன் இரண்டிலுமே தாண்டுகிறது. 2011இல் நல்ல பின்காற்றில் கென்யாவின் ஜெஃப்ரி முட்டாய் இங்கே 2:03:02இல் ஓடினார். அப்போதைய உலக சாதனை, பெர்லினில் ஹைலே கெப்ரசெலாசி 2008இல் வைத்த 2:03:59. ஐம்பத்தேழு வினாடி வேகமாக ஓடியும் முட்டாயின் பெயர் சாதனைப் பட்டியலில் ஏறவில்லை.

மறு வருடமே, 2012இல், வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. பதிவு செய்தவர்கள் விரும்பினால் அடுத்த வருடம் ஓடிக்கொள்ளலாம் என்று அமைப்பாளர்களே சொன்னார்கள். வெஸ்லி கோரிர் ஜெயித்த நேரம் 2:12:40. அப்புறம் 2018. ஒரே பாதை, ஒரே தூரம். எட்டு பந்தயங்களுக்குள் வெற்றி நேரத்தில் கிட்டத்தட்ட 13 நிமிட வித்தியாசம். மேலே சொன்ன 1976இல் ஜாக் ஃபுல்ட்ஸ் 2:20:19இல் ஜெயித்ததும் கொடும் வெயிலில்தான். வழியெங்கும் மக்கள் தோட்டக் குழாயால் ஓடுபவர்கள் மேல் தண்ணீர் பீய்ச்சினார்கள்.

2018இல் தொடக்கத்தில் வெப்பநிலை 3, 4 டிகிரி செல்சியஸ். மழை விட்டு விட்டு இல்லை, கொட்டியது. எதிர்காற்று அவ்வப்போது மணிக்கு 50 கிலோமீட்டரைத் தொட்டது.

காற்றின் தடை, காற்றோடு ஒப்பிட்ட வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். கவாவுச்சியின் சராசரி வேகம் மணிக்கு சுமார் 18.6 கிலோமீட்டர். மணிக்கு 30 கிலோமீட்டர் எதிர்காற்று என்று வைத்துக்கொள்வோம். அவர் உடல் மீது மோதும் காற்றின் வேகம் 48.6. அமைதியான நாளோடு ஒப்பிட்டால் தடை ஏறக்குறைய ஏழு மடங்கு. காற்றில்லாத நாளில் ஓட்டக்காரர் காற்றைக் கிழிப்பதற்குச் செலவிடுவது தன் சக்தியில் சில சதவீதம்தான். அந்தச் சில சதவீதம் ஏழு மடங்கானால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட வேண்டியதில்லை. பட்டியலைப் பார்த்தாலே போதும்.

குளிர் தனியாக வந்திருந்தால் பரவாயில்லை. 4 டிகிரி குளிரை உலர்ந்த உடையில் பல ஓட்டக்காரர்கள் விரும்பவே செய்வார்கள். நனைந்த உடையும் காற்றும் சேர்ந்தால் கதை வேறு. தசைகள் உண்டாக்கும் வெப்பத்தை நீர் உறிஞ்சிக்கொண்டு போகிறது. உடல் நடுங்கத் தொடங்கினால், ஓடுவதற்கு வைத்திருந்த சர்க்கரை இருப்பு நடுக்கத்துக்குச் செலவாகிறது. விரல் மரத்துப்போனால், ஓடும்போது சாப்பிடும் சத்து ஜெல் பாக்கெட்டைப் பிரிக்க முடியாது. சாப்பிடாமல் வேகம் குறையும். வேகம் குறைந்தால் உடலில் உண்டாகும் வெப்பமும் குறையும். இன்னும் குளிரும். இந்தச் சுழலில் ஒரு முறை சிக்கியவர் வெளியே வருவது மிகக் கடினம்.

நான்கு பிரிவுகள், நான்கு விதமான இழப்பு

2017 பந்தயம் கொஞ்சம் வெயிலிலும் பின்காற்றிலும் நடந்தது. அந்த வெற்றி நேரங்களோடு 2018ஐ ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆண்களில் 2:09:37 என்பது 2:15:58 ஆனது: 4.9 சதவீதம் அதிகம். பெண்களில் 2:21:52 என்பது 2:39:54 ஆனது: 12.7 சதவீதம். சக்கர நாற்காலி ஆண்கள் பிரிவில் இரண்டு வருடமும் ஜெயித்தவர் சுவிட்சர்லாந்தின் மார்செல் ஹக். 1:18:04 என்பது 1:46:26 ஆனது, 36 சதவீதம். சக்கர நாற்காலி பெண்கள் பிரிவில் 2017இல் மானுவேலா ஷேர் 1:28:17. 2018இல் டாட்யானா மெக்ஃபாடன் 2:04:39. இது 41 சதவீதம்.

பத்திரிகைகள் எல்லாம் ஓட்டப் பிரிவு நேரங்களைப் பற்றியே எழுதின. என்னைக் கேட்டால் அன்றைய புயலின் உண்மையான அளவைக் காட்டுவது ஹக்கின் எண்தான். அதே மனிதர், அதே பாதை, ஒரு வருட இடைவெளி, 28 நிமிடம் 22 வினாடி கூடுதல். ஓடுபவருக்குச் சக்தியின் பெரும்பகுதி உடலைத் தூக்கி முன்னே வைப்பதற்கே போகிறது. காற்றின் பங்கு சிறியது. பந்தயச் சக்கர நாற்காலியில் அப்படியில்லை. தட்டையான சாலையில் வேகத்தைத் தடுக்கும் முதல் எதிரியே காற்று. அதோடு, ஈரத்தில் கையுறை தள்ளுவளையத்தில் பிடிப்பில்லாமல் வழுக்கும். ஒவ்வொரு தள்ளலிலும் கொஞ்சம் வீணாகும். 2017இல் பின்காற்று அவர்களுக்குப் பெரிதாக உதவியது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த வருட நேரங்கள் இரண்டும் அதுவரை யாரும் காணாத வேகம். ஆக 36, 41 என்ற எண்களில் ஒரு பகுதி 2018இன் கொடுமை, ஒரு பகுதி 2017இன் கருணை.

பெண்கள் பிரிவின் 12.7 ஏன் ஆண்களின் 4.9ஐவிட இவ்வளவு அதிகம்? உடல் வலிமை என்று சிலர் உடனே பதில் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. அந்த வருடம் பாஸ்டனில் எலைட் பெண்கள், அதாவது முன்னணிப் போட்டியாளர்கள், காலை 9:32க்குத் தனியாகக் கிளம்பினார்கள். சில டஜன் பேர் மட்டும். ஆண்கள் 10 மணிக்குக் கிளம்பியபோது பின்னாலேயே ஆயிரக்கணக்கானோர். எதிர்காற்றில் ஒருவர் பின்னால் இன்னொருவர் ஒதுங்கி ஓடினால் தடை கணிசமாகக் குறையும். சிறிய கூட்டத்தில் ஒதுங்க முதுகு கிடைக்காது. யார் முன்னால் போவது என்ற தயக்கத்தில் வேகமும் குறையும். எலைட் பெண்களின் உடல் மெலிந்தது, சிறியது. எடைக்கு ஏற்ற தோல் பரப்பு அதிகம் என்பதால் வெப்பம் சீக்கிரம் வெளியேறும். மெல்லிய கூட்டம், மெல்லிய உடல், நீண்ட நேரம். மூன்றும் சேர்ந்தே அந்த 12.7 வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

யார் எவ்வளவு இழந்தார்

அமெரிக்காவின் டெஸ் லிண்டனுக்கு பாஸ்டன் பழைய களம். 2011இல் இதே தெருவில் கரோலின் கிலேலிடம் இரண்டே வினாடியில் தோற்றவர். அன்று அவர் நேரம் 2:22:38. ஜெயித்த 2018இல் 2:39:54. தோற்றபோது ஓடியதைவிட 17 நிமிடம் 16 வினாடி மெதுவாக ஓடி ஜெயித்தார். இழப்பு 12 சதவீதம்.

2017 சாம்பியன் எட்னா கிப்லகாட் 2:21:52இலிருந்து 2:47:14க்குப் போனார்: கிட்டத்தட்ட 18 சதவீதம். அமெரிக்காவின் ஷலேன் ஃப்ளானகன் 2014இல் பாஸ்டனில் 2:22:02. 2018இல் 2:46:31: 17 சதவீதம். மூன்றாவதாக வந்த கனடாவின் கிரிஸ்டா டுஷேனுக்கு வயது 41. அவருடைய சிறந்த நேரம் டொரொண்டோவில் 2013இல் ஓடிய 2:28:32, அன்று 2:44:20. அதாவது 10.6 சதவீதம், அதுவும் தன் உச்சத்தோடு ஒப்பிட்டு. இந்த அளவுகோலில் டுஷேன் லிண்டனையே முந்துகிறார்.

அப்புறம் செல்லர்ஸ். அவருடைய முதல் மாரத்தான் நேரம் 2:44:27. பாஸ்டன் புயலில் 2:44:04. இழப்பு இல்லை, 23 வினாடி லாபம். அந்தப் பட்டியலில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் இதுதான். அவர் காற்றை வென்றார் என்று பொருள் இல்லை. நல்ல நாளில் அவரால் 2:44ஐவிட மிகவும் வேகமாக ஓட முடிந்திருக்கும், அது வரை யாருக்கும், அவருக்கே கூட, அது தெரிந்திருக்கவில்லை. ஒரே ஒரு மாரத்தான் ஓடியவரிடம் "இவர் 2:44 ஓட்டக்காரர்" என்று முத்திரை குத்துவது எவ்வளவு பலவீனமான கணக்கு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஆண்களில், 2017 சாம்பியன் ஜெஃப்ரி கிருய் 2:09:37இலிருந்து 2:18:23: 6.8 சதவீதம். கவாவுச்சியின் சிறந்த நேரம் 2013இல் சியோலில் ஓடிய 2:08:14. அதோடு ஒப்பிட்டால் 6 சதவீதம். கவனிக்க வேண்டியது, கிருயின் ஒப்பீடு பாஸ்டனோடு, கவாவுச்சியின் ஒப்பீடு வாழ்நாள் உச்சத்தோடு. இருந்தும் கவாவுச்சியின் இழப்பு குறைவு.

கவாவுச்சியின் முதல் மைல்

அவர் அன்று செய்த காரியத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஹாப்கின்டனிலிருந்து முதல் மைல் நல்ல இறக்கம். கவாவுச்சி அதை 4 நிமிடம் 37 வினாடியில் ஓடினார், தனியாக, எல்லோரையும் பின்னால் விட்டுவிட்டு. அதே வேகத்தைக் கடைசி வரை இழுத்தால் முழு மாரத்தான் 2:01:03இல் முடியும். அன்றைய உலக சாதனை 2:02:57. எதிர்காற்றிலும் மழையிலும் உலக சாதனையைவிட வேகமான ஒரு மைல்! பார்த்தவர்கள் இவர் சீக்கிரம் காணாமல் போவார் என்று நினைத்ததில் தவறில்லை. கூட்டம் பிடித்தது. அவர் மறுபடி வேகமெடுத்தார். மறுபடி பிடித்தார்கள். பிறகு கிருய் தனியாகப் பிரிந்து போனார். ஒரு கட்டத்தில் அவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் முன்னிலை இருந்தது.

கடைசிச் சில கிலோமீட்டர்களில் கிருய் கரைந்தார். கவாவுச்சி அவரைக் கடந்து, இறுதிக் கோட்டில் 2 நிமிடம் 25 வினாடி வித்தியாசத்தில் முதலாவதாக நின்றார். ஒரு நிமிடத்துக்கு மேல் பின்தங்கியவர் இரண்டரை நிமிடம் முன்னால் முடித்தார் என்றால், அந்தச் சிறு தூரத்தில் மூன்றரை நிமிடம் கைமாறியிருக்கிறது. இதைக் கவாவுச்சியின் கடைசி நேர வேகம் என்று மட்டும் எழுதுவது சரியில்லை. அவருடைய மொத்தச் சராசரி மைலுக்கு 5 நிமிடம் 11 வினாடி. அவர் பறக்கவில்லை, மற்றவர்கள் உறைந்துபோனபோது அவர் உறையவில்லை. 1987இல் தோஷிஹிகோ செக்கோவுக்குப் பிறகு பாஸ்டனில் ஜெயித்த முதல் ஜப்பானிய ஆண் இவர்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. அதே 2018 ஜனவரி 1 அன்று, அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மார்ஷ்ஃபீல்ட் என்ற ஊரில் ஒரு சிறு மாரத்தான். வெப்பநிலை உறைநிலைக்கு மிகக் கீழே. கவாவுச்சி 2:18:59இல் முடித்தார். முதல் இடம். கடைசி இடமும் அவர்தான், ஏனென்றால் பந்தயத்தை முடித்த ஒரே ஆள் அவர். வருடத்துக்குப் பல மாரத்தான் ஓடுவது அவர் வழக்கம். பெரிய பயிற்சியாளர்கள் அதைத் தவறான முறை என்று சொல்வார்கள். ஆனால் பலவிதமான நாட்களில் ஓடிப் பழகியவருக்கு ஒரு மோசமான நாள் அவ்வளவு அந்நியமாக இருக்காது என்பதை அந்த ஏப்ரல் காட்டியது.

பதினான்கு வினாடி

பெண்கள் பந்தயத்தில் அதிகம் பேசப்பட்டது ஃப்ளானகன் பாதி வழிக்குச் சற்று முன் சாலையோரக் கழிப்பறைக்குள் ஓடிப்போய் வந்தது. சுமார் 14 வினாடி. முந்தைய நவம்பரில் நியூயார்க் மாரத்தானை ஜெயித்தவர் அவர். வீட்டு மண்ணில் பெரும் எதிர்பார்ப்பு. அப்போது லிண்டன் வேகத்தைக் குறைத்து அவருக்காகக் காத்திருந்து, முன்னால் போன கூட்டத்தோடு அவரை மறுபடி சேர்த்துவிட்டார். அதற்குச் சற்று முன்பே லிண்டன் ஃப்ளானகனிடம், இன்று எனக்குச் சரியில்லை, விலகிவிடலாம் என்றிருக்கிறேன், அதற்குள் ஏதாவது உதவி வேண்டுமானால் சொல் என்று சொல்லியிருந்தார்.

இதை நல்லெண்ணக் கதையாகச் சொல்வது வழக்கம். நல்லெண்ணம்தான், சந்தேகமில்லை. எண்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. தனக்காக ஓடுவதை நிறுத்தியதால் லிண்டன் முதல் பாதியில் யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை. எத்தியோப்பியாவின் மமிட்டு டாஸ்கா முன்னால் பிரிந்து போனபோது துரத்திப் பிடிக்கும் அவசரம் இல்லாமல் இருந்தார். காற்றில் தனியாக முன்னால் ஓடியவர்கள் சக்தியை இழக்க, லிண்டன், பாதையின் பின்பாதியில் வரும் நியூட்டன் மேடுகளுக்குப் பக்கத்தில் முன்னிலைக்கு வந்தார். பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. செல்லர்ஸுக்கும் அவருக்கும் இடையே 4 நிமிடம் 10 வினாடி. 1985இல் லிசா லார்சன் வைடன்பாக்குக்குப் பிறகு பாஸ்டனை ஜெயித்த முதல் அமெரிக்கப் பெண்.

விலகியவர்களின் கணக்கு

ஏறக்குறைய 27,000 பேர் கிளம்பினார்கள். 25,000க்கும் மேற்பட்டவர்கள் முடித்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டது. எலைட்களில் அமெரிக்காவின் கேலன் ரப் உட்படப் பலர் பாதியில் விலகினார்கள்.

பந்தயம் முடிந்த சில நாட்களில் ஒரு புள்ளிவிவரம் வேகமாகப் பரவியது. 2017ஐவிட, விலகிய ஆண்களின் விகிதம் ஏறக்குறைய 80 சதவீதம் கூடியிருந்தது. பெண்களின் விகிதம் சுமார் 12 சதவீதம்தான் கூடியிருந்தது. 2018இல் ஆண்களில் 5 சதவீதம் பேரும் பெண்களில் 3.8 சதவீதம் பேரும் விலகியிருந்தார்கள். பெண்களுக்கு வலி தாங்கும் சக்தி அதிகம், கொழுப்பு அடுக்கு காப்பாற்றியது, முடிவெடுக்கும் விதம் வேறு என்று விளக்கங்கள் வந்து குவிந்தன.

80, 12 என்ற இரண்டு எண்களும் சரியானவை, ஆனாலும் முழுப் படத்தைத் தராதவை. பின்னோக்கிக் கணக்குப் போடுவோம். 2018இல் 5 என்றால், 80 சதவீதம் கூடுவதற்கு முன் ஆண்களின் விகிதம் சுமார் 2.8. பெண்களின் 3.8, 12 சதவீதம் கூடுவதற்கு முன் சுமார் 3.4. அதாவது 2017இல் அதிகம் விலகியது பெண்கள். 2018இல் அது திரும்பியது. நூறு ஆண்களில் கூடுதலாக விலகியவர் இரண்டு பேர் சொச்சம். நூறு பெண்களில் கூடுதலாக விலகியவர் அரை ஆள் கூட இல்லை. வித்தியாசம் உண்மையானது, முக்கியமானதும்கூட. ஆனால் 80 என்ற எண் இவ்வளவு பெரிதாகத் தெரிவதற்கு ஒரு காரணம், அது சிறிய அடித்தளத்திலிருந்து ஏறியது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்த வருடம் பாஸ்டனில் சாதாரண ஓட்டக்காரர்கள் தங்கள் தகுதி நேரப்படி (இங்கே இடம் பெற முன்பு வேறு மாரத்தானில் ஓடிக் காட்டிய நேரம்) அலைகளாகப் பிரிக்கப்பட்டு, 10 மணி முதல் 11:15 வரை கிளம்பினார்கள். வேகமான ஆண்கள் முதல் அலையில். பெரும்பாலான பெண்கள் பின்னால் வரும் அலைகளில். பின்னால் கிளம்பியவர்கள் ஹாப்கின்டனில் சேற்றிலும் மழையிலும் அதிக நேரம் நின்றார்கள். ஓடும் நேரமும் அதிகம். இந்தக் கணக்கில் பெண்கள்தான் அதிகம் விலகியிருக்க வேண்டும். குறைவாக விலகினார்கள். ஆகவே அந்த 3.8க்குப் பின்னால் இருக்கும் உறுதி பரவிய செய்தி சொன்னதைவிடப் பெரியது என்றே நினைக்கிறேன். பெண்கள் மாரத்தானில் சீரான வேகத்தில் ஓடுகிறார்கள், ஆண்கள் முதல் பாதியில் அதிகமாகச் செலவழித்துப் பின்பாதியில் தேய்கிறார்கள் என்பது பல பந்தயங்களில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று. அப்படிப்பட்ட நாளில் முன்கூட்டிச் செலவழித்தவருக்கு வட்டி கடுமையாக இருந்திருக்கும்.

எலைட் பெண்கள் நேரத்தில் ஆண்களைவிட அதிகம் இழந்தார்கள், சாதாரணப் பெண்கள் ஆண்களைவிடக் குறைவாக விலகினார்கள். இரண்டும் முரண்போலத் தெரியும். இரண்டும் வேறு வேறு கூட்டத்தைப் பற்றியவை. எலைட் ஓட்டக்காரருக்கு ஜெயிக்கும் வாய்ப்பு போய்விட்டால், உடம்பை அடுத்த பந்தயத்துக்குப் பாதுகாப்பது தொழில் முடிவு. தகுதி பெற வருடக்கணக்கில் உழைத்து வந்தவருக்கு இறுதிக் கோடுதான் பரிசு. பந்தயத்தை முடிக்கவில்லை என்பதைக் குறிக்கும் ஒரே டி.என்.எஃப். என்ற மூன்று எழுத்துக்குள் இந்த இரண்டையும் போட்டுக் கூட்டிவிடக் கூடாது.

ஐந்தாம் இடம் யாருக்கு

முடிவுப் பட்டியல் அன்று ஒரு சர்ச்சையையும் கொண்டுவந்தது. பெண்களில் சிப் நேரப்படி, அதாவது ஒவ்வொருவரும் தொடக்கக் கோட்டைத் தாண்டியதிலிருந்து கணக்கிடும் நேரப்படி, ஐந்தாவதாக இருந்தவர் 2:45:23இல் முடித்த ஒரு பெண். ஆனால் அவர் 9:32க்குக் கிளம்பிய எலைட் கூட்டத்தில் இல்லை; 10 மணி அலையில் ஆயிரக்கணக்கானவர்களோடு ஓடியவர். இன்னும் இரண்டு பேர் இதே போல 13, 14ஆம் இடங்களில். விதிப்படி பெண்களுக்கான பரிசுத் தொகை எலைட் தொடக்கத்தில் கிளம்பியவர்களுக்கு மட்டுமே. ஐந்தாம் பரிசு 15,000 டாலர் அவருக்குக் கிடைக்காது. ஆண்களுக்கு அப்போது இந்தச் சிக்கல் இல்லை, அவர்களில் எலைட்களும் முதல் அலையும் ஒரே நேரத்தில் கிளம்பியதால்.

விதிக்கு ஒரு நியாயம் உண்டு. பந்தயம் என்பது எதிராளியைப் பார்த்து ஓடுவது; அரை மணி பின்னால் கிளம்பியவரை 9:32 கூட்டத்தில் இருப்பவர் பார்க்கவும் முடியாது, முறியடிக்கவும் முடியாது. 10 மணி அலையில் ஒதுங்க முதுகுகள் நிறைய; காற்று நாளில் அது சிறு விஷயமல்ல. மறுபக்கம், பெண்களை மட்டும் இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒன்றுக்கு மட்டும் பரிசு என்பது ஆண்களுக்கு அப்போது இல்லாத தடை. சாதாரண வருடத்தில் இந்தக் கேள்வியே எழாது. எலைட்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அதை மறைத்துவிடும். 2018இல் எலைட்களின் வேகம் சரிந்து அந்த இடைவெளி மூடியதால்தான் விதியின் ஓட்டை வெளியே தெரிந்தது. விமர்சனம் எழுந்த பிறகு பாஸ்டன் தடகளச் சங்கம் அந்த மூன்று பேருக்கும் அவர்களுடைய இடத்துக்கு உரிய தொகையைக் கூடுதலாகக் கொடுத்தது. ஏற்கெனவே ஜெயித்தவர்களிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. சரியான முடிவு.

அடுத்த ஏப்ரல்

அடுத்த வருடம் பாஸ்டனில் ஓட விண்ணப்பித்தவர்கள் குறையவில்லை. 2019 பந்தயத்துக்கு இடம் கிடைக்க, தகுதி நேரத்தைவிட 4 நிமிடம் 52 வினாடி வேகமாக ஓடியிருக்க வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய வருடம் அது 3 நிமிடம் 23 வினாடி. கூட்டம் தாங்காமல் 2020க்கான தகுதி நேரங்களை எல்லா வயதுப் பிரிவிலும் 5 நிமிடம் இறுக்கினார்கள். 18 முதல் 34 வயது வரையிலான ஆண்களுக்கு 3:05 என்பது 3:00 ஆனது, பெண்களுக்கு 3:35 என்பது 3:30.

2019 பந்தயத்தில் காற்று அடங்கியிருந்தது. ஆண்களில் லாரன்ஸ் செரோனோ 2:07:57, பெண்களில் வொர்க்னெஷ் டெகெஃபா 2:23:31. லிண்டன் 2:27:00இல் ஐந்தாவதாக வந்தார். பட்டம் வென்ற நாளைவிடப் பன்னிரண்டு நிமிடம் 54 வினாடி வேகம். கவாவுச்சியும் ஓடினார். 2:15:29, முந்தைய வருடத்தைவிட 29 வினாடி வேகம். இடம், பதினேழு.